கீழாநெல்லியும் ஹெபடைடிஸ் பி-யும்: 1988 சென்னை ஆய்வுக்குப் பிறகு என்ன நடந்தது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது. தம்பிக்கு 26 வயது. ஒரு வாரம் காய்ச்சல், வாந்தி. அப்புறம் கண் மஞ்சளானது. ரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிருபின் 8, கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி 1400. தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தீர்கள். பத்து நாளில் எஸ்ஜிபிடி 300-க்கு இறங்கிவிட்டது. இடையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். மாத்திரை எதுவும் வேண்டாம், கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-யைக் குணமாக்கும் என்று சென்னையிலேயே ஆராய்ச்சி செய்து லான்செட் என்ற மருத்துவ இதழில் போட்டிருக்கிறார்கள் என்று வைத்தியர் சொல்கிறார். இது உண்மையா? தம்பி மனைவி ஆறு மாத கர்ப்பம் என்றும் கூடவே எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அவசரம் அங்கேதான். தம்பி மனைவிக்கு ஹெபடைடிஸ் பி பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் எடுங்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்து 'இல்லை' என்று வந்திருந்தாலும் இப்போது மறுபடி எடுக்க வேண்டும். இந்த வைரஸ் ரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ தொட்டுப் பேசுவதாலோ பரவாது. பெரியவர்களுக்கு வந்தால் 100 பேரில் 95 பேருக்கு மேல் உடம்பு தானே வைரஸை விரட்டிவிடும். பிறக்கும்போதே தொற்றிய குழந்தைக்கு இது அப்படியே தலைகீழ்: பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுள் முழுக்க நிற்கும். முப்பது நாற்பது வயதில் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸாகவோ கல்லீரல் புற்றாகவோ வெளிப்படுவது பெரும்பாலும் இப்படிப் பிறப்பிலோ சின்ன வயதிலோ வந்த தொற்றுதான்.

அவருக்குத் தொற்று இல்லையென்றால் தடுப்பூசியை உடனே தொடங்கலாம், கர்ப்பத்தில் போட்டுக்கொள்ளத் தடையில்லை. கூடவே தயாரான எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார். தொற்று இருந்தால் வைரஸ் அளவைப் பார்ப்பார்கள். மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் டெனோஃபோவிர் என்ற வைரஸ் மாத்திரை கொடுப்பது வழக்கம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியும், தாய்க்குத் தொற்று இருந்தால் இம்யூனோகுளோபுலினும் போட்டாக வேண்டும். இவ்வளவும் சரியாக நடந்தால் அந்தக் குழந்தைக்குத் தொற்று வராமல் காப்பாற்றிவிடலாம். இந்த இடத்தில் எந்த மூலிகையும் தடுப்பூசிக்குப் பதிலாகாது.

சரி, இப்போது லான்செட் விஷயம். வைத்தியர் சொன்னது கற்பனையில்லை. 1988 அக்டோபரில் அந்தக் கட்டுரை வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் துறையிலிருந்த எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய சகாக்களும், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்திலிருந்த வெங்கடேஸ்வரனும் பாருக் பிளம்பெர்க்கும் சேர்ந்து எழுதியது. பிளம்பெர்க் யார் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 1960-களில், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளியின் ரத்தம் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தோடு வினைபுரிவதை அவருடைய குழு கவனித்தது. அந்தப் புரதத்துக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்தார்கள். பிறகுதான் அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்று தெரிந்தது. இன்று உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டில் 'ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்' என்று இருக்கிறதே, அதே பொருள்தான். 1976-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் உலக ஹெபடைடிஸ் நாளாக வைத்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவர் நம் வயல் வரப்பில் முளைக்கும் செடியை ஏன் கையில் எடுத்தார்? ஆய்வுக்கூடத்தில் நல்ல அறிகுறி தெரிந்ததால்தான். 1987-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், இந்தச் செடியின் நீர்ச்சாறு வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் டிஎன்ஏ பாலிமரேஸ் என்ற நொதியைத் தடுத்தது. அடுத்து உட்சக் என்ற வட அமெரிக்கப் பிராணிகளில் சோதித்தார்கள். அணில் குடும்பத்தைச் சேர்ந்த அந்தப் பிராணிக்கும் ஹெபடைடிஸ் பி-க்கு நெருங்கிய சொந்தமான ஒரு வைரஸ் வரும். புதிதாகத் தொற்றிய நான்கு உட்சக்குகளில் மூன்றில் வைரஸின் தடயம் சில வாரங்களில் மறைந்துவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: சாறு அவற்றின் வயிற்றறைக்குள் ஊசியாகப் போடப்பட்டது, வாய் வழியாகக் கொடுக்கப்படவில்லை.

பிறகு மனிதர்கள். செடியை உலர்த்திப் பொடியாக்கி 200 மில்லிகிராம் கேப்சூலாக, தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்பில் சுமந்துகொண்டிருந்த 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 சதவீதம் பேருக்கு, மேலுறை ஆன்டிஜென் மறைந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. சிலரை ஒன்பது மாதம் வரை பின்தொடர்ந்தும் யாருக்கும் திரும்பி வரவில்லை.

அந்த 59 எவ்வளவு பெரிய எண் என்று இன்றைய நிலவரத்தோடு பார்த்தால் தெரியும். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு இன்று கொடுக்கும் டெனோஃபோவிர், என்டெகாவிர் இரண்டும் வைரஸை நன்றாக அடக்கி வைக்கும், சிரோசிஸையும் புற்றையும் குறைக்கும். ஆனால் அந்த ஆன்டிஜெனையே மறைய வைப்பது அபூர்வம், வருடத்துக்கு நூற்றில் ஒருவர் கணக்குதான். பெப்பிரோவிர்சென் என்ற புதிய மருந்தை 24 வாரம் வாராவாரம் ஊசியாகப் போட்டு நடத்திய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. மருந்தை நிறுத்தி 24 வாரம் கழித்தும் ஆன்டிஜென் திரும்பாமல் இருந்தவர்கள் சுமார் 10 சதவீதம். உலகமே அதைப் பெரிய முன்னேற்றம் என்று வரவேற்றது. அப்படியானால் ஒரே மாதத்தில், வாய் வழிப் பொடியில், 59 சதவீதம் என்பது நடந்திருந்தால் கல்லீரல் மருத்துவத்தையே புரட்டிப்போட்டிருக்கும். தியாகராஜன் குழுவும் இதை இறுதித் தீர்ப்பு என்று சொல்லவில்லை. முதற்கட்ட ஆய்வு, தொடர்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் அவர்களே எழுதினார்கள்.

சோதித்தும் பார்த்தார்கள். இதைத்தான் உங்கள் வைத்தியர் சொல்லாமல் விட்டார். 1990-இல் தாய்லாந்துக் குழு அதே லான்செட்டில் எழுதியது: அறிகுறியில்லாத தொற்றாளர்களுக்குக் கொடுத்தோம், ஆன்டிஜென் மறையவில்லை. 1994-இல் மும்பையிலிருந்து ஒரு ஆய்வு, அதே ஆண்டு நியூசிலாந்திலிருந்து இன்னொன்று. இரண்டிலும் பலன் இல்லை. பிறகு சீனாவில் நிறைய ஆய்வுகள் நடந்தன, அவற்றில் பலவும் தரத்தில் குறைந்தவை. 2011-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளை, மொத்தம் 1326 நோயாளிகளை, ஒன்றாக வைத்துப் பரிசீலித்தது. அந்தப் பதினாறில் கீழாநெல்லி இனச் செடியை வெற்று மாத்திரையோடு நேருக்கு நேர் ஒப்பிட்டது ஒன்றே ஒன்றுதான். மற்ற பதினைந்திலும் வழக்கமான வைரஸ் மருந்தோடு சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். வெற்று மாத்திரையைவிட இந்தச் செடி பலன் தருகிறது என்று நம்ப ஆதாரம் இல்லை என்பதே அவர்களின் முடிவு.

ஏன் இப்படி ஆனது? சில காரணங்களை யோசிக்கலாம். ஒன்று, செடியே ஒன்றாக இருந்ததா என்ற கேள்வி. கீழாநெல்லி என்று நாம் பறிப்பது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ். ஆனால் அதே மாதிரி இலையும், இலைக்கடியில் காயும் உள்ள இனங்கள் இன்னும் பல உண்டு. பழைய நூல்களில் எல்லாவற்றையும் ஃபில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதி வைத்துவிட்டார்கள். 1957-இல் வெப்ஸ்டர் என்ற தாவரவியலாளர் பிரித்துப் பார்த்தபோது, உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்று தெரிந்தது. பிளம்பெர்க் குழுவின் 1987 கட்டுரையே நிரூரி என்றுதான் பேசுகிறது. போதாததற்கு, செடியில் உள்ள ஃபில்லாந்தின் போன்ற பொருள்களின் அளவு மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும்.

இரண்டு, யாருக்குக் கொடுத்தார்கள் என்பது. சமீபத்தில் தொற்று வந்த பெரியவர்கள் சிலர் குழுவில் கலந்திருந்தால் அவர்களுக்கு ஆன்டிஜென் எப்படியும் மறைந்திருக்கும். மூன்று, ஆய்வு சிறியது. 60 பேர் கொண்ட ஆய்வில் குருட்டு அதிர்ஷ்டம் எந்தப் பக்கமும் சாயலாம். இதில் எது உண்மையான காரணம் என்பதைவிட முக்கியம், வெவ்வேறு கைகள் வெவ்வேறு ஊரில் செய்து பார்த்தபோது பலன் கிடைக்கவில்லை என்பது.

தியாகராஜன் குழுவின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஊரே நம்பும் ஒரு மூலிகையை எடுத்து, வெற்று மாத்திரை கொடுத்த ஒரு குழுவோடு ஒப்பிட்டு, எண்களை உலகத்தின் முன் வைத்தார்கள். அப்படி வைத்ததால்தான் மற்றவர்கள் சரிபார்க்க முடிந்தது. இன்று கடையில் 'லிவர் டானிக்' என்று விற்கும் எத்தனை பாட்டில்களுக்குப் பின்னால் இந்த அளவு நேர்மை இருக்கிறது?

அடுத்து உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் இன்னொரு கேள்வி: அப்படியென்றால் தம்பிக்கு எஸ்ஜிபிடி 1400-இலிருந்து 300-க்கு எப்படி இறங்கியது? நம் ஊரில் கீழாநெல்லியால் காமாலை போனதைக் கண்ணால் பார்க்காத குடும்பம் குறைவு. அவர்கள் பார்த்ததும் பொய்யில்லை, காமாலை போனது உண்மை. வைரஸால் வரும் திடீர் காமாலையில் பெரும்பாலானவை எதுவும் கொடுக்காவிட்டாலும் போய்விடும். அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் குழந்தைகளை, இளைஞர்களைப் பிடித்து ஒன்றிரண்டு மாதத்தில் விட்டுவிடும். பெரியவர்களுக்குப் புதிதாக வந்த ஹெபடைடிஸ் பி-யும் அநேகமாக அப்படித்தான். திருவனந்தபுரத்தில் இதையே நேரடியாகச் சோதித்தார்கள்: வைரஸ் காமாலை வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடி, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. 1999-இல் முடிவு வந்தது. காமாலை நீடித்த நாள்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் குணமானார்கள்.

எஸ்ஜிபிடி என்பது எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்வதும் நல்லது. 'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' என்ற தலைப்பில் அச்சிடப்பட்டாலும் அது கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அளப்பதில்லை. செல்லுக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி, செல் உடைந்தால் ரத்தத்தில் கசிகிறது, அவ்வளவுதான். புதிதாகக் கசிவது நின்றால், ரத்தத்தில் இருப்பது சுமார் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே பத்து நாளில் 1400 என்பது 300 ஆவது இயல்பான இறக்கம். ஆனால் அது இறங்குவதாலேயே நிம்மதி அடையக் கூடாது. எரிந்து முடிந்த வீட்டிலும் புகை அடங்கித்தான் போகும். கல்லீரல் செல்கள் பெருமளவு அழிந்துவிட்டாலும் கசிய எதுவும் மிச்சமில்லாமல் எஸ்ஜிபிடி சரியும். அப்போது பிலிருபின் ஏறிக்கொண்டே போகும், ரத்தம் உறைய நேரமாகும்.

கல்லீரலின் உண்மையான திறனைக் காட்டுவது வேறு எண்கள். ரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது. அவற்றில் ஃபேக்டர் 7 என்பதன் பாதி ஆயுள் சில மணி நேரம்தான். தயாரிப்பு நின்றால் ஓரிரு நாளிலேயே ஐஎன்ஆர் என்ற எண் ஏறிவிடும். ஆல்புமினும் கல்லீரல் தயாரிப்புதான், ஆனால் அதன் பாதி ஆயுள் ஏறக்குறைய மூன்று வாரம். அதனால் திடீர் நோயில் அது சீக்கிரம் குறையாது, நாள்பட்ட நோயில்தான் அதன் குறைவு பேசும். பிலிருபின் இரண்டுக்கும் நடுவில். 120 நாள் வாழ்ந்து முடிந்த சிவப்பணுக்களின் மிச்சம் அது. கல்லீரல் அதை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தநீரில் அனுப்புகிறது. குடலில் அது மாறித்தான் மலத்துக்கு நிறம் தருகிறது. தம்பியின் ரிப்போர்ட்டில் ஐஎன்ஆர் இருக்கிறதா பாருங்கள். நீங்கள் எழுதியதில் அது இல்லை. எடுக்கவில்லையென்றால் நாளைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.

கீழாநெல்லி கொடுத்ததால் தீங்கு வந்துவிட்டதா என்று பயப்பட வேண்டாம். சென்னை ஆய்விலேயே பக்கவிளைவு ஏறக்குறைய இல்லை. ஆனால் மூலிகை என்றாலே கல்லீரலுக்குப் பாதகமில்லை என்று பொதுவாக நினைத்துவிடாதீர்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று பலர் சீந்தில் கொடியைக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். நாட்டின் 13 மருத்துவமனைகளிலிருந்து, அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 43 பேரைத் தொகுத்து 2022-இல் ஒரு ஆய்வு வந்தது. முன்பே உள்ளுக்குள் தன்னெதிர்ப்புக் கல்லீரல் நோய் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்குவது) இருந்தவர்களுக்கு அது தூண்டுகோலாகிவிட்டது. பெயர் தெரியாத பொடி, லேகியம், உலோகம் சேர்ந்த பஸ்பம் எதையும் இப்போது தம்பிக்குக் கொடுக்க வேண்டாம்.

இன்னும் பெரிய ஆபத்து, காலம் போவது. காமாலை எல்லாமே வைரஸ் காமாலையில்லை. உடம்பெல்லாம் அரித்து, மலம் வெளுத்துப்போனால் பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்திருக்கலாம். ஸ்கேன் பார்த்து அடைப்பை எடுக்க வேண்டும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்த காமாலை எலிக்காய்ச்சலாக இருக்கலாம்; அதற்கு ஆன்டிபயாடிக் உண்டு, தாமதித்தால் சிறுநீரகம் போகும். கர்ப்பிணிக்குக் காமாலை வந்தால் ஹெபடைடிஸ் ஈ-யை நினைக்க வேண்டும். 1955-56-இல் டெல்லியில் யமுனைத் தண்ணீரில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது இந்த வைரஸால்தான் என்று பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. மற்றவர்களுக்குச் சாதாரணமாகப் போகும் அது, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஐந்தில் ஒருவரின் உயிரைப் பறிக்கக்கூடியது. இவர்கள் எல்லாரும் இரண்டு வாரம் மோரும் கீழாநெல்லியுமாகக் காத்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பில்லாமல், எண்ணெய் இல்லாமல், பருப்பு முட்டை எதுவும் இல்லாமல் வெறும் மோர்ச்சோற்றில் மாதக்கணக்கில் வைப்பது நம் பழக்கம். காமாலைக் கல்லீரலுக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை. உடம்பைச் சரிசெய்யப் புரதம் வேண்டும். சிரோசிஸ் நோயாளிகளுக்கே இன்று கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தினமும் சாப்பிடச் சொல்கிறோம், இரவு படுக்கும் முன் ஏதாவது சாப்பிடச் சொல்கிறோம். தம்பிக்குப் பசி எடுப்பதற்கேற்ப இட்லி, பருப்பு, முட்டை எது இறங்குகிறதோ கொடுங்கள். குமட்டல் இருக்கும்வரை எண்ணெய்ப் பலகாரம் தானாகவே பிடிக்காது. மது மட்டும் ஒரு சொட்டும் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் வேண்டுமானால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

தம்பிக்கு மாத்திரை தேவையா? இதுதான் புதிய தொற்றா, பிறப்பிலிருந்தே இருந்து இப்போது சீறியதா என்று முதலில் பிரிக்க வேண்டும். 'ஆன்டி ஹெச்பிசி ஐஜிஎம்' என்ற பரிசோதனையும் வைரஸ் அளவும் அதற்கு உதவும். புதிய தொற்றாக இருந்து ஐஎன்ஆர் இயல்பாக இருந்தால், மருத்துவரே வைரஸ் மாத்திரை கொடுக்காமல் கவனித்து வரலாம். அந்த அளவில் உங்கள் வைத்தியரின் 'மாத்திரை வேண்டாம்' சரியாகவே அமையலாம், ஆனால் காரணம் கீழாநெல்லியில்லை. ஐஎன்ஆர் ஏறியிருந்தாலோ, பழைய தொற்று சீறியதாக இருந்தாலோ மாத்திரையைத் தாமதிக்கக் கூடாது. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் டெனோஃபோவிரும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்; மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ விசாரியுங்கள்.

எப்படியிருந்தாலும் ஆறு மாதம் கழித்து ஹெச்பிஎஸ்ஏஜி மறுபடி எடுங்கள். அப்போதும் பாசிட்டிவ் என்றால் நாள்பட்ட தொற்று. மஞ்சள் முழுதாகப் போய், ஆள் தெம்பாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாலும் அது இருக்கலாம். ஆறு மாதப் பரிசோதனையை எடுக்காமல் பலர் வருடக்கணக்கில் விட்டுவிடுவது இதனால்தான். அவர் ரத்ததானம் செய்யக் கூடாது, ஷேவிங் பிளேடையும் பல்துலக்கியையும் பகிரக் கூடாது. பெற்றோர், நீங்கள், மற்ற உடன்பிறந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை பரிசோதித்து, இல்லாதவர்கள் மூன்று தவணைத் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். இதற்கிடையில் தம்பி பகலில் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல், அந்த நேரத்திலேயே கல்லீரல் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள்.